அப்பாவின் போனில் அக்காவின் கணக்கு

ஜெனீற்றா பல்கலைக்கழகத்தில் படித்தது புவியியல். ஊர் அவளுக்குக் கொடுத்த வேலை போன் பார்ப்பது. ஊர்காவற்றுறையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்தபோது, கரைப்பக்கத்து வீடுகளில் ஒருவரும் அது என்ன உத்தியோகம் என்று கேட்கவில்லை. "கொம்பியூட்டருக்கு முன்னாலை இருக்கிற வேலைதானே" என்று தாங்களே முடிவெடுத்துக்கொண்டு, சனிக்கிழமை விடிந்தால் படலையடியில் போனும் கையுமாக வந்து நின்றார்கள். சின்னத்தங்கம் அக்காவின் போனில் பிரான்சிலிருக்கும் மகனின் முகம் தலைகீழாகத் தெரியும். இராயப்பு அண்ணையின் போனில் எழுத்தெல்லாம் சிங்களத்துக்கு மாறியிருக்கும். ஜெனீற்றா ஒருவரையும் விடமாட்டாள். "கண்டதையும் அமத்தாதேங்கோ எண்டு போன கிழமையும் சொன்னனான்" என்று முகத்துக்கு நேரே ஏசுவாள். பிறகு திருத்திக் கொடுப்பாள். ஏச்சு வாங்கியவர்கள் "வாய்தான் உறைப்பு, பெட்டை கெட்டிக்காரி" என்று அவளுக்குக் கேட்கக்கூடிய தூரத்தில் வைத்தே சொல்லிக்கொண்டு போவார்கள்.

அவளிடம் ஒருநாளும் போன் கொண்டுவராத ஆள் அவளுடைய அப்பா குருசுமுத்து மட்டும்தான்.

அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், குசினி மேசையில் அவள் சோறு தின்றுகொண்டிருக்கையில், அப்பா வந்து கோப்பைக்குப் பக்கத்தில் தன் போனை வைத்தபோது அவளுடைய கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"இதைப் பார்."

"என்ன இதுக்கு?"

"நிண்டிட்டுது."

"என்ன நிண்டிட்டுது?"

"நிண்டிட்டுதெண்டால் நிண்டிட்டுதுதான்."

அவள் இடக்கையால் எடுத்துப் பார்த்தாள். போன் பொலித்தீன் பைக்குள் இருந்தது. கடலுக்குப் போகும்போது அதைப் பையோடு கயிற்றில் கட்டிக் கழுத்தில் கொழுவிக்கொண்டு போவது அவருடைய வழக்கம். கரைக்கு வந்தாலும் பையைக் கழற்றமாட்டார். பையின் ஒரு மூலை கிழிந்து, உட்புறமெல்லாம் ஈரம் காய்ந்து உப்புப் படிந்திருந்தது. கைகழுவிவிட்டு வந்து தன் போனிலிருந்து அழைத்தாள், மணி அடித்தது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள், போனது. கமெராவைத் திறந்து அப்பாவின் காலைப் படமெடுத்தாள், அதுவும் சரியாக விழுந்தது.

"எல்லாம் வேலை செய்யுது. என்ன நிண்டதெண்டு சொல்லுங்கோ."

"சொன்னால்தான் திருத்துவியோ?"

"ஆசுப்பத்திரியிலை போய், வருத்தம், ஆனால் எங்கையெண்டு சொல்லமாட்டன் எண்டு நிப்பியளே?"

அப்பா படலையைப் பார்த்தார். "நான் வலையைப் பாத்திட்டு வாறன். நீ பாத்து வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவுக்கும் அவளுக்கும் சண்டை கிடையாது, கதைதான் கிடையாது. "சாப்பாடு மூடிக்கிடக்கு", "தண்ணி மோட்டரை நிப்பாட்டு", "நாளைக்குக் காத்து, தொழில் இல்லை" என்ற அளவில் அந்த வீட்டில் மூன்று வருஷம் ஓடிவிட்டது. அம்மா அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இறந்துபோனார். அதற்குப் பிறகு அக்கா மேரிசுகந்திதான் படிப்பை நிறுத்திக்கொண்டு சமைத்தாள், தையல் தைத்தாள், ஜெனீற்றாவை உயர்தரம் எழுதவைத்துக் கம்பஸ் வரைக்கும் தள்ளிவிட்டாள். பட்டமளிப்பில் போட்ட கறுப்பு அங்கியைக்கூட அக்காதான் ஸ்திரி போட்டாள். கடலில் இருக்கும் ஆளோடு கதைக்க வேண்டுமென்று அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

அந்த அக்காவுக்கு அப்பா பாஷையூரில் ஒரு மாப்பிள்ளை பேசினார். அவளுக்கு அது விருப்பமா என்று அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவும் இல்லை. கோயிலில் கலியாண அறிவித்தல் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறுக்கு முதல் அக்கா புறப்பட்டுப் போய், புங்குடுதீவு இறுப்பிட்டியில் வைத்திலிங்கத்தின் மகன் நிரோஜனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர்கள் சைவம், தோட்டக்காரர். கரையில் பிறந்த வேதக்காரப் பெட்டையை அந்த வீட்டில் ஒருவரும் ஆலாத்தி எடுத்துக் கூப்பிடவில்லை. இந்தப் பக்கத்தில் அப்பா, "இந்த வீட்டிலை இனி அவளின்ரை பேர் கேக்கப்படாது" என்று சொன்னார்.

ஜெனீற்றா அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினாள். மாதத்துக்கு ஒருதடவை தன் மோட்டார்சைக்கிளில் இறுப்பிட்டிக்குப் போவாள். அக்காவின் பிள்ளை ஆதிஷை மடியில் வைத்து விளையாடுவாள். வீட்டுக்கு வந்தால் வாயே திறக்கமாட்டாள். அப்பா சில நாள் குசினி வாசலில் வந்து, ஒன்றும் கேட்காமல் நிற்பார். நில்லுங்கோ, நீங்கதானே சொன்னீங்கள் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டு கோப்பை கழுவுவாள். அவளால் கொடுக்கமுடிந்த தண்டனை அது ஒன்றுதான். அதில் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பையைக் கழற்றி, போனைத் துடைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தவள், படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள்.

மேல் மூலையில், கணக்குக்காரரின் படம் இருக்கவேண்டிய சின்ன வட்டத்துக்குள் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. இந்தப் போனை வாங்கிய அன்று மின்னஞ்சல் முகவரி ஒன்று கேட்டது. "அவருக்கு என்னத்துக்கு ஈமெயில், என்ரையையே போட்டுவிடுறன்" என்று அக்கா தன் கணக்கையே போட்டுக் கொடுத்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு கிணறு போதும் என்பதுபோல ஒரு கணக்கும் போதும் என்று நினைத்தவர்கள். அக்கா போனாள், கணக்கு போகவில்லை. இறுப்பிட்டியில் அக்கா தன் போனில் எடுக்கிற ஒவ்வொரு படமும் கிளவுட்டுக்கு ஏறி, அங்கிருந்து இந்தப் போனுக்கும் வந்துகொண்டிருந்திருக்கிறது.

இடையிடையே கிடந்த சில கறுப்புச் சதுரங்களை விட்டால் எல்லாம் ஆதிஷ். துணியில் சுற்றிய சிவப்பு முகம். முட்டுக்காலில் தவழ்வது. ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுப்பது. சோற்றுக் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பது. கடைசியாக வந்திருந்த படத்தில் இடக்கையில் மாவுக்கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து துணியால் தூக்கிக் கட்டி, கமெராவைக் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து விழுந்த நாள் எடுத்தது. அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு படமும் இல்லை. படங்களுக்கு மேலே ஒரு அறிவித்தல் நின்றது: இடம் நிரம்பிவிட்டது, புதிய படங்கள் சேமிக்கப்படமாட்டாது.

அந்தக் கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் அதே படத்தின் துண்டுகள் கிடந்தன. பெரிதாக்கிப் பார்க்கப்போய், கை தவறித் திரையைப் படம்பிடித்திருக்கிறார். ஒன்றில் மாவுக்கட்டு மட்டும். ஒன்றில் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து சின்ன விரல்கள்.

நிண்டிட்டுது என்று அவர் சொன்னது எதை என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

மனம் இளகவேண்டிய நேரம் அது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. அக்கா பிள்ளைப்பேற்றுக்கு ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் தாய்வீட்டிலிருந்து சரக்குத்தூளும் கோழிக்கறியும் வந்ததைப் பார்த்துக்கொண்டு, "அப்பாக்குச் சொல்லிப்போட்டியோ" என்று மட்டும் கேட்டாள். ஜெனீற்றா சொல்லியிருக்கவில்லை. இந்த மனுசன் அன்றைக்கே அந்தச் சிவப்பு முகத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பொலித்தீனுக்குள் போட்டுக் கழுத்தில் கொழுவிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார்.

அவள் அமைப்புகளுக்குள் போனாள். கணக்கைத் தொட்டாள். அகற்று என்று இருந்ததை அமத்தினாள். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அமத்தினாள்.

அப்பா வந்து குசினி வாசலில் நின்றார்.

"திருத்தியாச்சு" என்று போனை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பினார். பெருவிரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். திரையில் மிஞ்சிக் கிடந்தவை கறுப்புக் கறுப்பான சதுரங்களும், முகமில்லாத அந்த மாவுக்கட்டுத் துண்டுகளும், அவருடைய காலின் படமும்தான். மறுபடியும் தள்ளினார். வலையில் கிழிசல் தேடுகிறவர் மாதிரி, அவசரமில்லாமல், ஒரு கண்ணும் விடாமல்.

"பெடியனைக் காணேல்லை" என்றார்.

"எந்தப் பெடியன்?"

அதைக் கேட்டவுடனேயே, கேட்டிருக்கக் கூடாதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.  அப்பா கதிரையை இழுத்து இருந்தார். அந்தக் குசினியில் அவர் அவளுக்கு முன்னால் இருந்து கனகாலம்.

"கையிலை கட்டோடை நிண்டவன். அதுக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை. கட்டு அவிட்டாச்சோ எண்டு பாக்கத்தான் உன்னட்டைத் தந்தனான்."

"பாக்கவேணுமெண்டால் போய்ப் பாக்கிறது. அக்கா என்ன கனடாவிலையே இருக்கிறா? வேலணையாலை சுத்திப் பாலம் ஏறி இறங்கினால் இறுப்பிட்டி. கனடாவிலை இருக்கிறவங்களே வருசத்துக்கு ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போறாங்கள்."

"போற ஆளெண்டால் போயிருப்பன்."

"ஏன் போகேல்லை?"

"மூண்டாம் ஞாயிறு நான் கோயிலிலை முன்வாங்கிலை இருந்தனான் பிள்ளை. சாமியார் மற்றப் பேருகளை வாசிச்சார். எங்கடை பேர் வரேக்கை விட்டிட்டு அடுத்ததுக்குப் போனார். கோயில் முழுக்க என்ரை முதுகைத்தான் பாத்தது." அவர் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். "அந்த வெக்கம் எப்பவோ போட்டுது. பெடியன் பிறந்த அண்டே போட்டுது. ஆனால் நான் சொன்ன சொல்லு இருக்கே, அது போகேல்லை. அதை ஆரிட்டைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கிறது?"

எழுந்து கிணற்றடிக்குப் போனார். கப்பி உருளும் சத்தம் கேட்டது. மோட்டர் இருந்தாலும் அவர் முகம் கழுவுவதென்றால் அள்ளித்தான் கழுவுவார்.

ஜெனீற்றா போனைத் திருப்பினாள். அந்தக் கறுப்புச் சதுரங்கள் என்னவென்று இன்னும் பார்க்கவில்லை. ஒன்றைத் தொட்டாள். அது வீடியோ. மணித்தியாலக் கணக்கில் நீளம். படமில்லை, இருட்டுத்தான். இருட்டுக்குள் வள்ளத்தின் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பலகையில் அடித்துக்கொண்டு போனது. பிறகு அப்பாவோடு தொழிலுக்குப் போகும் அன்ரனிதாஸின் குரல்.

"அண்ணை, உதைச் சேட்டுக்குள்ளை விடுங்கோ. தெறிக்குது."

"விட்டிட்டன்."

"ஒரு மாசமா ஒரே படத்தைத்தான் காட்டுறியள். புதுசு ஒண்டும் இல்லையோ?"

"வரேல்லையடா. கை நோவெண்டால் படமெடுக்க விடுவானே. கோவக்காரன். தாயைப் போல."

"தாயைப் போலயோ? அம்மப்பாவைப் போல எண்டு சொல்லுங்கோ."

"நீ வலையைப் பார்."

சிரிப்பு. பிறகு நெடுநேரம் எஞ்சின் மட்டும். அவள் நிறுத்தப் போகும்போது, சத்தத்துக்கு அடியில், தனக்குள் முணுமுணுக்கிற அப்பாவின் குரல் வந்தது. "அந்தோனியாரே, பெடியன்ரை கை கோணாமல் பொருந்தவேணும். வேறை ஒண்டும் கேக்கேல்லை. மீனைக்கூட உம்மடை விருப்பத்துக்கு விட்டிட்டன்."

அவள் நிறுத்தினாள்.  பிறகு தன் போனை எடுத்து அக்காவை அழைத்தாள்.

"அக்கா, உன்ரை கணக்கு நிரம்பிப்போச்சு, தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"அது ஒரு மாசத்துக்கு மேலை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஊரிலை இருக்கிற கோதாரி போனெல்லாம் பாக்கிறன், உன்ரையைப் பாக்கமாட்டனே?"

"நீ ஏசுவாய்."

"இப்பவும் ஏசத்தான் போறன். என்னத்தாலை நிரம்பினதெண்டு பாத்தியோ? அப்பான்ரை வீடியோ. அவர் போனைப் பொலித்தீனுக்குள்ளை போட்டுக் கழுத்திலை கொழுவுறார். லொக்கும் போடுறேல்லை. ஈரப் பை திரையிலை ஒட்டக் கமெரா தன்ரைபாட்டிலை திறந்து எடுத்துக்கொண்டே இருக்குது. கரைக்கு வந்து வீட்டு வைபை கிடைச்சவுடனை எல்லாம் உன்ரை கணக்குக்கு ஏறுது." சொல்லிக்கொண்டு வரும்போதே இன்னொன்று அவளுக்கு வெளித்தது. "என்ரை டேட்டா பாதி மாசத்திலை முடியிறதும் இதாலைதான். நான் பக்கத்து வீட்டுப் பெடியங்களையெல்லே ஏசிக்கொண்டு திரிஞ்சனான்."

அக்கா மெதுவாகச் சிரித்தாள்.

"சிரிக்காதை. அந்தக் கறுப்பு வீடியோவெல்லாத்தையும் அழி. இடம் வந்திடும்."

சிரிப்பு நின்றது. "ஏலாது ஜெனி."

"ஏன் ஏலாது? அமத்திப் பிடி, எல்லாத்தையும் தெரிவு செய், குப்பைத்தொட்டியை அமத்து."

"அழிக்கத் தெரியாமலே சொல்லுறன்? கலியாணப் படம் முழுக்க அழிச்சிட்டன்."

"விசரே உனக்கு?"

"இடம் வந்தால் பெடியன்ரை படம் ஏறும் எண்டு நினைச்சன். நான் இடம் எடுக்க எடுக்க, எனக்கு முதல் அப்பான்ரை கடல் வந்து நிரப்பிப்போடுது."

ஜெனீற்றா எழுந்து குசினிக் கதவைச் சாத்தினாள். "அப்ப, அவர் பாக்கிறாரெண்டு உனக்குத் தெரியும்."

"அன்ரனிதாஸ் அண்ணைக்குக் காட்டுறது கேக்கும். பெடியன் நடக்கத் தொடங்கின கிழமை, ரண்டு பேரும் வலை இழுக்க மறந்துபோய் அதையே கதைச்சுக்கொண்டிருக்கினம். அதுக்குப் பிறகுதான் நான் முகம் தெளிவாத் தெரியிறமாதிரி வெளிச்சத்திலை வைச்சு எடுக்கிறனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நீ அவரோடை கோவமாயிருந்தாய். சொன்னால் நேரை போய் அவரிட்டைக் கேட்டிருப்பாய். கேட்டால் அவர் பாக்கிறதை விட்டிருப்பார்."

அது உண்மை. 

"அழிக்காததுக்கு அது மட்டும் காரணமில்லை" என்றாள் அக்கா. "பெடியன் நித்திரை கொள்ளுறதே அதிலைதான். பல்லு வந்த நேரம் ஒண்டுக்கும் அடங்கேல்லை. எல்லாரும் மாறி மாறித் தூக்கிப் பாத்தாச்சு. அப்ப கை பட்டு அந்த வீடியோ ஒண்டு ஓடத் தொடங்கிட்டுது. எஞ்சின் சத்தம் கேட்டவுடனை ஆள் கப்சிப். அதுக்குப் பிறகு பாயைப் போட்டால் அதையும் போடவேணும். இப்ப மாமாவும் அந்தச் சத்தம் கேட்டால்தான் கொட்டாவி விடுறார். தோட்டக்காரனுக்கு இந்த வயசிலை கடல் பழக்கமாகிட்டுது."

ஆலாத்தி எடுக்காத வீட்டில், ஒவ்வொரு இரவும் அப்பாவின் வள்ளம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.  ஜெனீற்றா சொல்லவேண்டியதைச் சொன்னாள். அவளுக்குச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாது.

"நான் அப்பான்ரை போனிலையிருந்து உன்ரை கணக்கை எடுத்திட்டன்."

"ஏன்?"

"கோவத்திலை."

"ஆரிலை?"

"எல்லாரிலையும்தான்."

 அக்கா, ஜெனீற்றா பள்ளிச் சோதனைக்குப் போகிற காலையில் புட்டைக் கையில் உருட்டி வைத்துக்கொண்டு "வாயைத் திற" என்று சொல்லுகிற அதே குரலில், "திரும்பப் போட்டுவிடு" என்றாள்.

"போடுறன். அதோடை எல்லாத்தையும் ஒழுங்காச் செய்வம். ஒண்டையும் அழிக்காதை. நான் வீடியோ முழுக்க என்ரை லப்டொப்பிலை இறக்கி, உனக்கும் ஒரு பென்ட்ரைவிலை போட்டுத் தாறன். அது கையிலை வந்தாப்பிறகு கணக்கிலையிருந்து எடுப்பம். அப்பான்ரை போன் இனி அதிலை ஒண்டும் ஏத்தாது. ஆனால் நீ போடுறதை அவர் பாக்கலாம். கலியாணப் படமும் குப்பைத்தொட்டியிலை இன்னும் கிடக்கும். நான் எடுத்துத் தாறன். இப்ப பாஸ்வேர்ட்டை அனுப்பு."

அனுப்பினாள். ஜெனீற்றா தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, அப்பாவின் போனில் முகவரியையும் பாஸ்வேர்ட்டையும் அடித்தாள். போன் அதோடு விடவில்லை. இது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய உங்கள் மற்றப் போனைப் பாருங்கள் என்றது. அதன் கீழே பெரிய எழுத்தில் ஓர் இலக்கம்: 58.

"ஜெனி, எனக்கு இஞ்சை மூண்டு நம்பர் காட்டுது" என்றாள் அக்கா. "எதை அமத்த?"

ஜெனீற்றா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடினாள்.

"கொஞ்சம் நில்லக்கா" என்றுவிட்டுக் கதவைத் திறந்தாள். அப்பா கிணற்றடியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் அவருடைய போனை அவருடைய ஒரு கையிலும், தன் போனை மற்றக் கையிலும் கொடுத்தாள்.

"அக்கா நிக்கிறா. உந்த நம்பரை அவவுக்குச் சொல்லுங்கோ. அவ அதை அமத்தினால் பெடியன் திரும்பி வருவான்."

அப்பா இரண்டு போனையும் சூடான சட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ சொல்லன்" என்றார், குரலே எழாமல்.

"நான் சொல்லமாட்டன்."

"நீதானே படிச்சனீ."

"உதுக்குப் படிப்பு வேண்டாம். ஒரு நம்பர்."

அப்பா இலக்கத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.  தூரத்தில் ஒரு சேவல் கூவியது, அது இந்தப் பக்கத்துச் சேவலா அந்தப் பக்கத்துச் சேவலா என்று தெரியவில்லை. அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் திரை மாறியது. நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முயற்சி செய்யவும்.

"போட்டுது" என்றார், திடுக்கிட்டு. "பிள்ளை, போட்டுது."

"பேந்தும் வரும். ஆனால் வந்துகொண்டே இருக்காது." அவள் திரையை எட்டித் தொட்டாள். புது இலக்கம் வந்தது.

அப்பா இந்தமுறை காத்திருக்கவில்லை. காற்று எழும்பமுதல் நங்கூரத்தை இழுக்கிற ஆள் மாதிரி, ஒரே மூச்சில் சொன்னார்.

"எழுபத்திரண்டு."

 "எத்தினை?" என்று கேட்டாள் மேரிசுகந்தி.

"எழுபத்திரண்டு."

"விளங்கேல்லை அப்பா."

லைன் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.  அப்பா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"எழுபத்திரண்டு பிள்ளை. ஏழும் ரண்டும்."

"ஓம் அப்பா. அமத்திட்டன்."

மற்றக் கையில் இருந்த போன் ஒருதரம் அதிர்ந்தது. ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. கறுப்புச் சதுரங்களுக்கு மேலே ஒவ்வொன்றாக ஆதிஷ் வரத் தொடங்கினான். சோற்றுக் கோப்பை, ஆட்டுக்குட்டி, மாவுக்கட்டு. அதற்குமேல் புதிதாக ஒன்றும் இல்லை. வரவேண்டிய இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. அப்பா அந்த வெறுமையைப் பார்த்தார். பதில் ஜெனீற்றாவிடம் இருந்தது. போன கிழமை அவளேதான் அக்காவோடு ஆசுப்பத்திரிக்குப் போயிருந்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேட்கவேண்டிய ஆளிட்டைக் கேளுங்கோ என்று அவள் கண்ணால் காட்டினாள். ஆனால் இந்தமுறை அது தண்டனை இல்லை.

"பெடியன்ரை கட்டு," என்றார் அப்பா போனுக்குள், "அவிட்டாச்சோ?"

"அவிட்டாச்சப்பா. கை நல்ல நேராத்தான் பொருந்தியிருக்காம். டொக்டர் சொன்னவர்."

"ம்." அவர் கதிரையைத் தேடி இருந்தார். "கோணேல்லையே?"

"கோணேல்லை. அந்தக் கையாலைதான் இப்ப எல்லாருக்கும் அடிக்கிறான்."

அப்பா சிரித்தாரா செருமினாரா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அந்தப் பக்கத்தில் ஏதோ இழுபடும் ஓசை கேட்டது. அக்கா போனை விலக்கி, "டேய், இப்ப இல்லையடா, மத்தியானமெல்லே, விடு" என்று சொன்னாள். பிறகு திரும்பி வந்தாள். அவளுடைய குரல் சிரிப்பால் ஆடியது.

"அப்பா, உங்கடை சத்தத்தைக் கேட்டிட்டு ஆள் பாயை இழுத்துக்கொண்டு வந்திட்டான். தலகணியும் கொண்டாறான்."

"ஏன்? நான் கதைச்சால் அவனுக்கேன் நித்திரை வருது?"

 குருசுமுத்து ஜெனீற்றாவைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

"அது போனிலை சொல்லுற கதையில்லை அப்பா" என்றாள் மேரிசுகந்தி. "வாங்கோ, சொல்லுறன்."

 அப்பா தன் போனை எடுத்துப் பொலித்தீன் பைக்குள் போடப் போனார். பை கிழிந்த இடத்தைப் பார்த்தார். அதைச் சுருட்டி மேசையில் எறிந்துவிட்டு, போனை மட்டும் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார்.

"பிள்ளை," என்றார், எழும்பிக்கொண்டு. "உன்ரை மோட்டச்சைக்கிளுக்கு எண்ணெய் கிடக்கோ?"